மணலையும் ஒரு வார்த்தை கேளு, மருமகனே

மாஷா அல்லாஹ் மருமகனே, கொம்பனிக்கு மூளை வாங்கப் போறாய் எண்டு ஒண்ட உம்மா சொன்னா. மூணு மீன் லொறியும் ஒரு ஐஸ் ஃபெக்டரியும் வெச்சிரிக்கிற என்ட தங்கச்சி மகன் இனி யோசிக்கத் தேவையில்லையாம். திரையில பச்சை எரிஞ்சா வாங்கு, சிவப்பு எரிஞ்சா விடு எண்டு கொழும்பில இரிந்து ஒரு கோட்டுப் போட்ட கொன்சல்டன் தம்பி வந்து பூட்டித் தரப் போறாராம். அதுக்குப் பேர் டேஷ்போர்டாம். நல்லாத்தான் இரிக்கும். நம்மட ஊர் றோட்டில பச்சைக்கும் சிவப்புக்கும் எத்தின பேர் மதிச்சு நிக்கிறாங்க எண்டதை மட்டும் அந்தத் தம்பிக்குச் சொல்லிப்போடாத, பாவம்.

நான் அஞ்சாம் வகுப்புக்கு மேல பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். பெரிய விசயம் பேச வராது. கண்ணுக்கு முன்னால கிடக்கிறதைத்தான் பேசுவன். நம்மட கண்ணுக்கு முன்னால கிடக்கிறது ஒலுவில் துறைமுகம். அதை விடப் பெரிய முடிவு இந்தக் கரையில ஒருத்தரும் எடுத்ததில்ல. ஒண்ட டேஷ்போர்டுக்கு முதல் பாடத்தை அங்கயிரிந்தே எடுப்பம்.

மர்ஹூம் அஷ்ரப் சேர் துறைமுக அமைச்சரா இரிந்த தொண்ணூறுகளில பிறந்த ஆசை அது. அவர் 2000ஆம் ஆண்டு மௌத்தாகிட்டார். வேலை தொடங்கினது 2008இல. 2013 செப்டம்பர் 1ஆம் திகதி மஹிந்த ராஜபக்ஷ ஜனாதிபதியா வந்து திறந்து வெச்சார். சல்லி டென்மார்க் கடன், கட்டினது டென்மார்க் கொம்பனி எம்.ரி. ஹோய்கார்ட், செலவு கிட்டத்தட்ட 46 மில்லியன் யூரோ. கப்பலுக்கு ஒரு குளம், மீன் படகுக்கு ஒரு குளம், கடலுக்குள்ள ரெண்டு கல்லணை. பொறியியலாளருக்கும் வரைபடத்துக்கும் கணக்குக்கும் ஒரு குறைச்சலும் இல்ல.

மணல் மட்டும் அந்தக் கணக்குக்கு அடங்கல்ல. இந்தக் கரையில மணல் தெக்கால இரிந்து வடக்கால நடக்கிற சாமான். கல்லைக் கொண்டு குறுக்க மறிச்சா தெக்குப் பக்கம் ஏறிக் குவியும், புறகு சுத்தி வந்து துறைமுக வாயில விழும். வடக்குப் பக்கத்துக்கு வர வேண்டிய மணல் வராது. அங்க கடல் கரையைத் தின்னும். அப்படியே நடந்தது. வாய் தூர்ந்து படகு போய்வர ஏலாமப் போச்சு. ஒலுவிலின் வடக்குக் கரையில தென்னை சாய்ஞ்சு, காணி கரைஞ்சு, நிந்தவூர் வரைக்கும் அரிப்புப் போச்சு. லொறி லொறியா கல்லுக் கொட்டினாங்க. வணிகக் கப்பல் துறைமுகமா அது ஓடவே இல்ல.

இப்ப முடிவெடுக்கிற விசயத்துக்கு வாறன். மீன்பிடிக்கிறவன் சொல்றான்: "வாயைத் தோண்டுங்க, எங்கட படகு உள்ளுக்குக் கிடக்கு." கரையில காணி வெச்சிரிந்தவன் சொல்றான்: "என்ட கரைக்கு ஒரு வழி பண்ணாம தோண்டாதீங்க." ரெண்டு பேர்ர வயிறும் உண்மை, ரெண்டு பேர்ர கண்ணீரும் உண்மை. ஒண்ட திரை இதுக்குப் பச்சை எரிக்குமா, சிவப்பு எரிக்குமா? தோண்ட எவ்வளவு போகும், எத்தின படகு உள்ளுக்கு, எத்தின ஏக்கர் கடலுக்குள்ள எண்டெல்லாம் அது சொல்லும். ஆர்ர நட்டத்தை ஆர் சுமக்கிற எண்டு அது சொல்லாது. அதை மனிசர் குந்தித்தான் பேசணும்.

இன்னொண்டும் இரிக்கு. துறைமுகம் கட்டுறதை ஒருக்கா முடிவெடுத்தாப் போதும். மணல் அள்ளுறதை ஒவ்வொரு வருசமும் முடிவெடுக்கணும். கட்டுறதுக்கு ரிபன் வெட்ட ஆக்கள் வருவாங்க. அள்ளுறதுக்கு ஒருத்தனும் ரிபன் வெட்ட வரமாட்டான். ஒண்ட டேஷ்போர்டும் அதே கதைதான் மனே. வாங்குற அண்டைக்குப் பிரியாணி போட்டு, வட்டிலப்பமும் வெப்பாய். அடுத்த நாள் சுபஹுக்குப் புறகு வாடியில நிண்டு ஒவ்வொரு பெட்டி மீனையும் நிறுத்து, விலையைப் போனில அடிக்கப் போறது ஆர்? கை முழுக்கச் செதிலும் ஐஸ் தண்ணியுமா நிக்கிற பொடியனா? அவன் முதல் கிழமை அடிப்பான். ரெண்டாம் கிழமை பின்னேரம் ஐஸ் ஃபெக்டரியில குந்தி ஞாபகத்துக்கு அடிப்பான். மூணாம் கிழமை நேத்தைய கணக்கையே இண்டைக்கும் அடிப்பான். திரை மட்டும் பச்சையும் நீலமுமா வடிவாத்தான் எரியும். உள்ளுக்கு வாய் தூர்ந்து கிடக்கும்.

அதால கோட்டுத் தம்பிக்கிட்ட அந்த டேஷ்போர்ட் பெட்டியின்ர விலையைக் கேக்கிறதுக்கு முதல், வருசா வருசம் அள்ளுற கூலி எவ்வளவு எண்டு கேளு. கணக்கு அடிக்கிறவனுக்குச் சம்பளம், பெட்டியைத் திருத்துறவனுக்குச் சல்லி, புதுப் பொடியன் வந்தாப் பழக்குற செலவு, கரண்ட் போனா என்ன செய்ற எண்டது. 2022இல ஒரு நாளைக்குப் பதின்மூணு மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்டில இரிக்கிறாய், மறந்திராத. அண்டைக்கு ஐஸே உருகிச்சு, டேஷ்போர்ட் எங்க எரியிறது?

போன கிழமை அந்தத் தம்பி படம் போட்டுக் காட்டினார் தெரியுமா, நானும் பின்னுக்குக் குந்தியிரிந்தன். நல்ல பொடியன், குறை சொல்ல மாட்டன். சூரை எண்டு ஒரு வட்டம் போட்டு, இந்த மாசச் சராசரி விலை இவ்வளவு எண்டு காட்டினார். நீயும் தலையை ஆட்டினாய். எனக்குச் சிரிப்பு வந்திச்சு, இருமுற மாதிரிச் சமாளிச்சன். மூணு கிழமை ஆழ்கடலில கிடந்து வாற படகில சூரை ஒரே சூரையா? முதல் நாள் பிடிச்சது ஐஸ் அறையின்ர அடியில கிடந்து வரும். செவுள் மங்கி, வயிறு இளகி, கண் உள்ளுக்குப் போயிரிக்கும். கடைசி ரெண்டு நாள் பிடிச்சது மேல கிடக்கும். செவுள் சிவந்து, அமத்தினா விரல் பதியாது. மேல கிடக்கிறது ஏத்துமதிக்காரன்ட கண்ணுக்குப் போகும், அடியில கிடக்கிறது கருவாட்டுக்குப் போகும். ரெண்டுக்கும் நடுவில சராசரி எடுத்தா வாறது, எந்த மீனுக்கும் இல்லாத ஒரு விலை. அந்த விலைக்கு நீ வாங்கினா, அடி மீனுக்குக் கூடக் குடுப்பாய். மேல் மீனை இன்னொருத்தன் கொண்டு போயிடுவான்.

இதை எழுதி வெச்சிரிக்கிறது எங்க? ஒண்ட கணக்கப்பிள்ளையின்ர சீ.ஆர். கொப்பியில. மீன் பேருக்குப் பக்கத்தில அவர் ஒரு புள்ளி போடுவார், ரெண்டு புள்ளி போடுவார், சில இடத்தில ஒரு கோடு இழுப்பார். ஒரு புள்ளி எண்டா மேல் மீன், ரெண்டு எண்டா நடு, கோடு எண்டா அடி. கோட்டுத் தம்பி அந்தக் கொப்பியை ஒருக்காக் கூடத் திறந்து பார்க்கல்ல. பார்த்திருந்தாலும் பேனை ஒழுகின அடையாளம் எண்டுதான் நினைச்சிருப்பார். அந்தப் புள்ளிதான் ஒண்ட கொம்பனி. ஒனக்கெண்டு தைச்ச சொஃப்ட்வெயார் வேணும் எண்டா, முதல்ல அந்தப் புள்ளி உள்ளுக்குப் போகணும்.

அப்ப பெட்டி ஒண்டுக்கும் உதவாதா மாமா எண்டு முகத்தைத் தொங்கப் போடாத. உதவும். நீ விடியக்காலையில எடுக்கிற முடிவு மொத்தம் மூணுதான். படகுக்காரன் கேக்கிற விலைக்கு வாங்குறதா. வாங்கினதைப் பேலியகொடை மீன் சந்தைக்கு ராவு லொறியில ஏத்துறதா, கல்முனைச் சந்தையிலயே தள்ளுறதா. ஆருக்கு அடுத்த பயணத்துக்கு முற்பணம் குடுக்கிற. இந்த மூணுக்கும் பதில் சொல்ற பெட்டி எண்டா வாங்கு. பேலியகொடையில எந்தக் கிழமையில விலை ஏறும், எதில விழும் எண்டு ரெண்டு வருசக் கணக்கைச் சேர்த்துச் சொன்னா, அது என்ட மண்டைக்கு ஏலாத வேலை. டீசலும் ஐஸும் கூலியும் கழிச்சு ஒரு லொறி உண்மையில எவ்வளவு மிச்சம் பிடிச்சது எண்டு அடுத்த நாளே சொன்னா, அது லொறி றைவர் ஒருக்காலும் சொல்லாத விசயம்.

முற்பணத்தில மட்டும் கவனம். ஒண்ட மச்சினன்மார்ர படகு ரெண்டுக்கும் குடுத்த சல்லி "வராக்கடன்" எண்டு திரையில சிவப்பா எரியும். நீ அதைப் பார்ப்பாய். பார்த்திட்டு அடுத்த பயணத்துக்கும் குடுப்பாய். ஏனெண்டா ராவைக்குச் சாப்பிடப் போறது பொஞ்சாதி வீட்டில. இதில சொஃப்ட்வெயாரில ஒரு பிழையும் இல்ல மனே. தெரியாததாலதான் முடிவு பிழைக்குது எண்டு கொன்சல்டன் நினைக்கிறார். நம்மட ஊரில பாதி முடிவு தெரிஞ்சுதான் பிழைக்குது.

வெளியூர்க் கதை ரெண்டு மூணு சொல்றன், பேரப்பிள்ளை போனில வாசிச்சுக் காட்டினது. ஜேர்மனியில லிடில் எண்டு பெரிய கடைக்காரன். சாப் எண்ட கொம்பனியின்ர சொஃப்ட்வெயாரைப் போடப் போய், ஏழு வருசமா இழுத்து, கிட்டத்தட்ட 500 மில்லியன் யூரோவை முழுங்கின புறகு 2018இல வேணாம் எண்டு மூடினான். காரணம் எண்டு பேசப்பட்டதில ஒண்டு என்ன தெரியுமா? இருப்புச் சாமானை அவன் வாங்கின விலையில கணக்கு வைக்கிறவன். சொஃப்ட்வெயார் விக்கிற விலையில வைக்கிறது. அவன் தன்ட வழக்கத்தை விடல்ல. பெட்டியை வெட்டி ஒட்டி, வெட்டி ஒட்டிக் கடைசியில பெட்டியும் இல்ல, சல்லியும் இல்ல. அதால ரெண்டு பட்டியல் போடு. கணக்கப்பிள்ளையின்ர புள்ளி மாதிரி ஒனக்கு லாபம் தாற வழக்கம் ஒரு பக்கம். அதுக்குப் பெட்டிதான் வளையணும். சிகரட் மட்டையில கடன் எழுதி, அதை உடுப்போட கழுவப் போடுற வழக்கம் மறு பக்கம். அதுக்கு நீதான் வளையணும். ரெண்டாவது பட்டியல் கொஞ்சம் நீளமா வரும், வெக்கப்படாத.

லண்டன் பங்குச் சந்தை கதை தெரியுமா? 2008 செப்டம்பர் 8ஆம் திகதி, உலகமே பங்கு வாங்க விக்க ஓடின நாளில, அவங்கட கொம்பியூட்டர் ஏழு மணித்தியாலம் வரைக்கும் படுத்திட்டு. அடுத்த வருசம் அவங்க வந்து நிண்ட இடம் எது? நம்மட மாலபே. அங்க இரிந்த மில்லேனியம் ஐ.ரி. எண்ட கொம்பனியையே 30 மில்லியன் டொலருக்கு வாங்கி, 2011 பெப்ரவரியில அந்தப் பொடியன்மார் எழுதின அமைப்புக்கு மாறினாங்க. லண்டன்காரன் மாலபேக்கு வாறான். நீ ஒலுவிலில இரிந்துகொண்டு, பக்கத்தில தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இரிக்கத்தக்க, அங்க கொம்பியூட்டர் படிக்கிற நம்மட பிள்ளையளை ஒருக்காவது கூப்பிட்டுப் பேசினியா? பெட்டி எழுதினவன் கூப்பிட்டா வாற தூரத்தில இரிக்கணும். கோட்டுத் தம்பியோட ஒப்பந்தம் முறிஞ்சா ஒண்ட கணக்கு ஒண்ட கையில மிஞ்சணும். இதை எழுத்தில வாங்கு. வாய்ச்சொல் கலியாண வீட்டுக்குத்தான் சரி.

மூணாவது கதையைக் கேட்டுச் சிரிக்க ஏலாது. பிரித்தானியாவில தபால் கந்தோர்களுக்கு ஃபுஜித்சுவின்ர ஹொரைசன் எண்ட சொஃப்ட்வெயாரைப் போட்டாங்க. காசு குறையுது எண்டு அது சொல்லிச்சு. தபால் அதிபர்மார் "நாங்க எடுக்கல்ல" எண்டு சத்தியம் பண்ணினாங்க. மேலிடம் மனிசனை விட்டிட்டுப் பெட்டியை நம்பிச்சு. 1999க்கும் 2015க்கும் இடையில 900க்கும் மேல ஆக்கள் குத்தவாளி ஆனாங்க. சிறைக்குப் போனவங்களும் இரிக்காங்க, அவமானம் தாங்காம உயிரை விட்டவங்களும் இரிக்காங்க. பிழை பெட்டியிலயும் இரிந்தது எண்டு நீதிமன்றம் சொன்னது 2019இல. நாளைக்கு ஒண்ட திரையில நூறு கிலோ குறையும். அப்ப கணக்கப்பிள்ளையின்ர சட்டையைப் பிடிக்கிறதுக்கு முதல் தராசைப் பாரு, ஐஸ் உருகின தண்ணியைப் பாரு, பொடியன் அடிச்ச இலக்கத்தைப் பாரு. முப்பது வருசம் ஒண்ட வாப்பாவோட உழைச்ச மனிசனை மூணு மாசப் பெட்டி கள்ளன் ஆக்கப்படாது.

இனிக் கொன்சல்டன்மார்ர விசயம். நம்மட கரைவலையில தண்டயலும் ஆலோசனை சொல்ற ஆள்தான். கரையில நிண்டு தண்ணியின்ர நிறத்தைப் பார்த்து, பறவை விழுற இடத்தைப் பார்த்து, வலையை எங்க வளைக்கிற எண்டு அவர்தான் சொல்லுவார். வலை வெறுமையா வந்தா அவருக்கும் அண்டைக்குக் கூறு இல்ல. அந்தப் பயம் இரிக்கிறதாலதான் அவர்ர கண் அவ்வளவு கூர். கோட்டுத் தம்பிக்கு வலை நிறைஞ்சாலும் ஒரே கூலி, வெறுமையா வந்தாலும் ஒரே கூலி. வெறுமையா வந்தா "ரெண்டாம் கட்டம்" எண்டு இன்னொரு ரிப்போர்ட்டும் உண்டு. அதால அவர்ர சம்பளத்தில ஒரு பங்கை நிப்பாட்டி வை. ஆறு மாசத்தில ஐஸ் செலவு குறைஞ்சா, வராக்கடன் குறைஞ்சா, அண்டைக்கு அந்தப் பங்கைச் சந்தோசமாக் குடு. சம்மதிச்சா நல்ல ஆள். முகம் கறுத்தா தேத்தண்ணி குடுத்து அனுப்பு.

அவரைத் திரும்பக் கூப்பிடுறதுக்கு முதல் ஒண்ட ஆக்களோட மஷூறா பண்ணு, குந்திக் கலந்து பேசு. நம்மட மார்க்கத்திலயே சொன்ன விசயம், ஒரு சல்லியும் செலவில்ல. ஆனா நம்மட மஷூறா எப்படி நடக்கும் எண்டும் எனக்குத் தெரியும். முடிவை எடுத்திட்டு, ஓம் எண்டு சொல்றவங்களை மட்டும் கூப்பிட்டு, வடை குடுத்து ஓம் வாங்குறது. 2021 மே மாசம் ரசாயன உரத்தை நிப்பாட்டினாங்களே, அந்த மாதிரி. அம்பாறை வட்டையில இறங்கி ஒரு வட்டவிதானையாரைக் கேட்டிருந்தா, பயிருக்கு என்ன ஆகும் எண்டு களவெட்டியில நிண்டே சொல்லியிருப்பார். கேட்டாங்களா? நவம்பர் மாசம் தடையை எடுத்தாங்க. அதுக்குள்ள விதைப்பு நடந்து, பயிர் மஞ்சளிச்சு, போடியார்மார் கடனாளி ஆயிட்டாங்க. நீ மஷூறாவுக்கு லொறி றைவரைக் கூப்பிடு, ஐஸ் உடைக்கிற பொடியனைக் கூப்பிடு, ஒனக்கு மீன் தாறதை விட்டிட்டுப் போன படகுக்காரனையும் கூப்பிடு. பின்னால நிண்ட ஆள் சொல்ற ஒரு வார்த்தை, முன்னால குந்தினவர்ர நாப்பது பக்கத்தை விடப் பெறுமதி. ஒண்ட பொஞ்சாதியையும் கேளு. மச்சினன்மார்ர கடன் விசயத்தில அவ ஒன்னை விடத் தைரியசாலியா இரிந்தாலும் இரிப்பா.

தரவு கூடினா சண்டை தீரும் எண்டும் நம்பிடாத. சுனாமிக்குப் புறகு அக்கரைப்பற்று நுரைச்சோலையில சவூதிச் சல்லியில 500 வீடு கட்டினாங்க. எத்தின வீடு எண்டதில ஒரு சந்தேகமும் இல்ல. ஆருக்குக் குடுக்கிற எண்டது உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், வீடு வருசக்கணக்கா ஆளில்லாமக் கிடந்து காடு பத்திச்சு. எண்ணிக்கை முடிஞ்ச இடத்திலதான் அங்க முடிவு தொடங்கணும். வருசக்கணக்கா அது தொடங்கல்ல.

அதே நேரம் கணக்கை வெறுக்கிறவனும் நட்டப்படுவான். 2015 ஜனவரியில ஐரோப்பாக்காரன் நம்மட மீனை வாங்க மாட்டன் எண்டு நிப்பாட்டினானே, ஏன்? படகு எங்க போச்சு, எந்தக் கடலில பிடிச்சிச்சு எண்டதுக்கு ஒழுங்கான பதிவும் கண்காணிப்பும் இல்ல எண்டுதான். ஆழ்கடல் படகில கருவி பூட்டி, பதிவுப் புத்தகம் எழுதிப் பழகி, 2016 ஜூன் மாசம்தான் அந்தத் தடை நீங்கிச்சு. கருவி பூட்டினப்ப "எங்களைக் காவல் பார்க்கிறாங்க" எண்டு கத்தின ஆக்களில நம்மட ஊர்ச் சம்மாட்டிமாரும் இரிந்தாங்க. இப்ப அவங்கதான் ராவு ரெண்டு மணிக்கும் எழும்பி, தங்கட படகு எங்க நிக்குது எண்டு கேக்கிறாங்க. கேள்வி தங்கட கேள்வியா ஆனா, கருவி கசக்காது.

கடைசியா மாமா சொல்றது இதுதான். மூணு முடிவையும் ஒரு தாளில ஒண்ட கையாலயே எழுது. ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில, எந்த இலக்கம் தெரிஞ்சா ஒண்ட முடிவு மாறும் எண்டு எழுது. மாறாது எண்டா அந்த இலக்கத்துக்குச் சல்லி குடுக்காத. முதல்ல ஒரே ஒரு முடிவுக்கு மட்டும் பெட்டி செய்யச் சொல்லு. ஒரு கச்சானும் ஒரு வாடையும் ஓடட்டும். சரி வந்தா அடுத்ததுக்குப் போ. வருசா வருசம் கணக்கு அள்ளப் போற ஆளின்ர பேரை அந்தத் தாளின்ர அடியில எழுது. அந்தப் பேர் எழுத ஆள் இல்லையெண்டா, பெட்டியும் வாங்காத. சீ.ஆர். கொப்பி மலிவாக் கிடைக்கும். அதுக்குக் கரண்டும் தேவையில்ல.